கடைசிப் பக்கத்துக்குத் தங்கம்

ஷீராஸ், ரபியுல் அவ்வல், 978

என் தம்பி ஹாதமுக்கு அக்கா கௌஹர் ஸலாம் சொல்லி எழுதுறது.

சுகமா இருக்கியா? கஸ்வீன் குளிர் உன் நெஞ்சுக்கு ஒத்துக்குதா? இங்க அம்மாவுக்கு முழங்கால் வலி, மத்தபடி குறைவில்லை. எனக்குத் தங்கத்துல மெருகுக்கல் தேய்ச்சுத் தேய்ச்சு மணிக்கட்டு பிடிச்சுக்குது, அது பழகின சங்கதி.

இளவரசர் நூலகத்துல உனக்கு உட்கார இடம் குடுத்துட்டாங்கன்னு ஒட்டகக்காரங்க சேதி கொண்டுவந்தாங்க. அம்மா அன்னிக்கே தெரு பூராச் சொல்லிட்டு வந்தாச்சு. ரொட்டிக்காரன் வரைக்கும் என்னை நிறுத்தி, "உங்க தம்பி இளவரசர்கூடச் சாப்பிடுறாராமே"ன்னு கேக்குறான்.

நான் சொல்ல வந்தது அப்பாவோட புத்தகத்தைப் பத்தி. அப்பா கடைசியா தன் கையெழுத்துல பிரதி எடுத்த காதல் கவிதைப் புத்தகத்தை நீ கொண்டுபோனது, படத்துக்காக அவர் விட்டுவச்ச காலிக் கட்டங்களை நிரப்பத்தான். எழுத்து அப்பாவோடது, ஓரத்துத் தங்கமும் பூவேலையும் என்னோடது, படம் உன்னோடது. அதுதான் பேச்சு. அப்பா இறந்த நாளுக்கான வருஷ பாத்திஹா ரஜப்புல வருது. அதுக்குள்ள புத்தகம் வீட்டுக்கு வந்துரணும். அப்பாவை அடக்கம் பண்ணின தர்காவுக்கு எழுதி வைக்கிறதா நேர்ந்திருக்கேன், அதைப் பார்த்துக்கிற முத்தவல்லிகிட்டயும் சொல்லியாச்சு.

கடைசிப் பக்கத்துக்கு நான் இன்னும் தங்கம் வைக்கலை. படமெல்லாம் முடிஞ்சு திரும்பி வந்த பிறகுதான் அதுல கை வைப்போம், நம்ம வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். "இதை எழுதியவன் எளியவன் அமீனுத்தீன், ஷீராஸ்காரன். படிப்பவர் அவனுக்காக ஒரு துவா கேட்கட்டும்"னு அப்பா எழுதியிருக்காரே, அதைச் சுத்தி என்ன பூ போடலாம்னு இப்பவே யோசிச்சிட்டு இருக்கேன். வாழ்நாள் பூரா அவர் எழுதினதை வியாபாரிங்க வாங்கிட்டுப் போய் எங்கெங்கயோ வித்தாங்க. யார் படிச்சாங்க, யார் அவருக்காகக் கேட்டாங்கன்னு நமக்குத் தெரியாது. இந்த ஒண்ணாவது அவர் மண்ணறைக்குப் பக்கத்துல, அவர் பேரோட இருக்கணும். எனக்கு வேற ஆசை எதுவும் இல்லைடா.

அம்மா உனக்கு முத்தம் குடுக்கச் சொன்னாங்க. காகிதத்துல எப்படிக் குடுக்கிறதுன்னு தெரியாம விட்டுட்டேன்.

உன் அக்கா,
கௌஹர்


கஸ்வீன், ஜமாதுல் ஆகிர், 978

கண்ணுக்கு ஒளியான அக்காவுக்கு, அம்மாவின் பாதங்களை முத்தமிட்டு ஹாதம் எழுதுவது.

இறைவன் அருளால் நலம். நீங்கள் இருவரும் நலமாய் இருக்கத் தினமும் வேண்டுகிறேன். அம்மாவின் முழங்காலுக்குக் கடுகெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்க்கவும்.

முதல் நாள் நூலகத் தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஷீராஸ்காரனா? உன்னை எழுப்பிவிடத் தனியா ஒரு ஆள் வைக்கணுமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நம் ஊர்க்காரன் என்றாலே தூங்குமூஞ்சி என்று இங்கே ஒரு பேச்சு. என்னைக் கதவோரம் உட்கார வைத்தார்கள். வெளிச்சமும் இல்லை, கதவு திறக்கும்போதெல்லாம் பனிக்காற்று வேறு. அடுத்தவன் வரைந்த குதிரைக்குக் குளம்பு போடுவதுதான் என் வேலை. நம் வீட்டில் முழுப் படம் வரைந்தவன் நான் என்று யாரிடம் சொல்வது?

பொழுது கிடைக்கும்போது அப்பாவின் புத்தகத்தில் படம் போடுகிறேன். தோட்டத்துக் காட்சி முடிந்துவிட்டது. ஒரு நாள் நூலகத் தலைவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். படத்தையில்லை, எழுத்தை. அதன் பிறகு என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார். புத்தகம் பத்திரமாக இருக்கிறது, நீ கவலைப்பட வேண்டாம்.

இந்த ஊர்ப் பிஸ்தா ஒரு பை அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கு உப்பில்லாததைக் கொடு.

உன் பாசத்துக்கு ஏங்கும் தம்பி,
ஹாதம்


ஷீராஸ், ரஜப், 978

தம்பி ஹாதமுக்கு அக்காவின் ஸலாம்.

நாங்க சுகம், உன் சுகத்துக்கு எழுது. பிஸ்தா வந்து சேர்ந்துச்சு. புத்தகம் வந்து சேரலை.

பாத்திஹா முடிஞ்சுது. ஹல்வா கிண்டினேன். முத்தவல்லி வந்து உட்கார்ந்து ரெண்டு தட்டு சாப்பிட்டுட்டு, "புத்தகம் எங்கம்மா?"ன்னு கேட்டார். "வழியில இருக்கு"ன்னேன். "எந்த வழியில?"ன்னு கேட்டார் பாரு, எனக்கு அப்படியே முகம் செத்துப்போச்சு. அவர் போகும்போது, "உங்கப்பா புத்தகத்துக்குன்னு ஒதுக்கின அலமாரித் தட்டை நான் ரொம்ப நாள் காலியா வைக்க முடியாது, நிறையப் பேர் கேக்குறாங்க"ன்னு சொல்லிட்டுப் போனார்.

நூலகத் தலைவர் எழுத்தைப் பார்த்தார்னு எழுதியிருக்கே. பார்த்துட்டு என்ன சொன்னார்? யார் எழுதினதுன்னு கேட்டிருப்பாரே. அப்பா பேரைச் சொன்னியா? அதை எழுதாம கடுகெண்ணெய் வைத்தியம் எழுதியிருக்கே. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டும்போது அவங்களும், "எங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா அவரு?"ன்னு கேட்டாங்க. நானா ஒரு வரி சேர்த்துப் படிச்சேன், நூலகத் தலைவர் அப்பாவை வாயாரப் புகழ்ந்தார்னு. அம்மா ஒரே சந்தோஷம்.

படம் பாதியில இருந்தாலும் பரவாயில்லை, அனுப்பிவிடு. மிச்சத்தை நீ ஊருக்கு வரும்போது போட்டுக்கலாம்.

அக்கா,
கௌஹர்


கஸ்வீன், ரமலான், 978

அன்பு அக்காவுக்கும் அம்மாவுக்கும் நோன்பு கால ஸலாம்.

நலம். உங்கள் நலமே என் நலம். ஒரு நல்ல சேதி. என்னை மேல்வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்காருகிறேன். இனி குளம்பு போடும் வேலை கிடையாது, முழுப் படமும் என் கையில். இளவரசர் எனக்கு ஒரு மேலங்கி கொடுத்தார். பச்சைப் பட்டு, கழுத்தில் நரித்தோல். அம்மா பார்த்தால் அழுதுவிடுவாள்.

இளவரசர் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். மிகவும் பிடித்துவிட்டது. இப்போதைக்கு அது நூலகத்தில்தான் இருக்க வேண்டியிருக்கிறது. ஆளுகிறவர்கள் கேட்கும்போது நம்மைப் போன்றவர்கள் இல்லை என்று சொல்ல முடியாது, உனக்குப் புரியும்.

ஒரு வேண்டுகோள். அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கடைத்தெருவில் யாரிடமும் பேச வேண்டாம். முத்தவல்லியிடம் ஏதாவது சொல்லிச் சமாளி. கடிதத்திலும் அதிகம் எழுத வேண்டாம், இங்கே என் கடிதங்கள் பலர் கை மாறித்தான் வருகின்றன.

அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை அனுப்புகிறேன்.

தம்பி,
ஹாதம்


ஷீராஸ், ஷவ்வால், 978

தம்பிக்கு ஸலாம். பெருநாள் நல்லபடியா கழிஞ்சுது. அம்மா சால்வையைப் போர்த்திக்கிட்டு வீடு வீடாப் போய்க் காட்டிட்டு வந்தாங்க.

பேசாதேன்னு நீ சொன்னே, நானும் பேசலை. ஆனா கடைத்தெரு என்கிட்ட வந்து பேசுது. புத்தகத்துக்கு அட்டை கட்டுற லத்தீஃப் இருக்காரே, அவர் மருமகன் கஸ்வீன் போயிட்டு வந்திருக்கான். அவன் சொல்றான், "அக்கா, உங்க தம்பி பெரிய ஆளாயிட்டார். பேர்போன எழுத்துக்காரர் ஹெராத் மவுலானா கையால எழுதின புத்தகம் ஒண்ணை எங்கிருந்தோ தேடிப்பிடிச்சு இளவரசருக்குக் குடுத்தாராம். அதுக்குத்தான் ஜன்னலோர இடம், மேலங்கி எல்லாம். ஊரே அதைத்தான் பேசுது."

நான் கேட்டேன், "ஹெராத் மவுலானா செத்து எத்தனை காலம் ஆச்சு? அவர் எழுதினது இவனுக்கு எங்க கிடைச்சுது?" அவன், "அதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க"ன்னான்.

அப்பா எழுத்து மவுலானா எழுத்து சாயல்ல இருக்கும்னு நம்ம ஊர்லயே சொல்லுவாங்க. அப்பாவுக்கு அதுல பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு. "நான் யார் மாதிரியும் எழுதலை, நல்லா எழுதினா அப்படித்தான் இருக்கும்"னு சொல்லுவார்.

ஹாதம், வேற ஏதோ புத்தகம்தானே அது? நீ மேலங்கி வாங்கு, ஜன்னல்ல உட்காரு, எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. அது வேற புத்தகம்னு ஒரே ஒரு வரி எழுதிப் போடு. வேற எதுவும் எழுத வேண்டாம்.

கௌஹர்


ஷீராஸ், துல்கஅதா, 978

தம்பிக்கு ஸலாம்.

ரெண்டு ஒட்டகக் கூட்டம் கஸ்வீன்ல இருந்து வந்து போயாச்சு. உன்கிட்டயிருந்து ஒரு வரியும் இல்லை. அம்மா உனக்கு உடம்புக்கு என்னமோன்னு பயப்படுறாங்க. எனக்கு அந்தப் பயம் இல்லை, வேற பயம் இருக்கு.

கௌஹர்


கஸ்வீன், துல்ஹஜ், 978

அக்கா,

ஸலாம். இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. படித்ததும் அடுப்பில் போடு. நம்பிக்கையான ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நான் பொய் சொல்லவில்லை அக்கா. நூலகத் தலைவர்தான், "இது ஹெராத் மவுலானா எழுத்தில்லே? உனக்கு எப்படிக் கிடைச்சது?" என்று கேட்டார். நான் சும்மா இருந்தேன். அவ்வளவுதான் செய்தேன், சும்மா இருந்தேன். அவர் போய் இளவரசரிடம் சொல்லிவிட்டார். இளவரசர் என்னைக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். அந்த நேரத்தில், இல்லை, இது எங்கள் அப்பா எழுதியது, ஷீராஸில் காசுக்கு எழுதிய ஒருத்தர் என்று நான் எப்படிச் சொல்வேன்? அப்புறம் கடைசிப் பக்கத்தைக் காட்டு என்றார்கள். தையல் விட்டிருக்கிறது, தைத்துக்கொண்டு வருகிறேன் என்று அந்தத் தாளை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டேன்.

ஈரப் பஞ்சால் துடைத்தேன். மற்ற வரியெல்லாம் தொட்டதும் கரையும் போலிருந்தது, அப்பா பேரும் ஊரும் மட்டும் போகவில்லை. கத்தி வைத்துச் சுரண்ட வேண்டியதாயிற்று. மேலே மவுலானா பேரை எழுதிவிட்டேன். எழுத்து பொருந்துகிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தாள் அந்த இடத்தில் நைந்துபோய்விட்டது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரிகிறது.

அதன் மேலும் சுற்றிலும் கனமாகத் தங்கம் வைத்தால் தெரியாது. இங்கே தங்க வேலைக்காரர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்காருகிறார்கள், யாரிடம் கொடுத்தாலும் மாலைக்குள் ஊருக்கே தெரியும். புத்தகம் முழுக்க ஒரே கைத் தங்கம், அந்தக் கை ஷீராஸில் இருக்கிறது, அங்கே அனுப்பி முடித்து வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். இளவரசரும் சரி என்றார். தாள் இந்தக் கடிதத்தோடு வருகிறது.

போன மாதம் ஒருத்தன் முத்திரை ஒன்றைப் போலியாகச் செய்தான் என்று சதுக்கத்தில் வைத்துக் கையை வெட்டினார்கள். வலது கை. நான் பார்த்தேன்.

அக்கா, அப்பா இருந்தால் என்னை மன்னித்திருப்பார். அவர் கோபம் ஒரு நாளுக்கு மேல் நின்றதில்லை. நீ நினைத்தால் என் கை தப்பும்.

ஹாதம்


ஷீராஸ், ஸஃபர், 979

ஹாதமுக்கு ஸலாம். அம்மா சுகம். நான் சுகமா இல்லை.

தாள் வந்துச்சு. ரெண்டு நாள் பிரிக்காம வச்சிருந்தேன். அப்புறம் பிரிச்சேன்.

நீ யார் வீட்டுப் பிள்ளைன்னு உனக்கே மறந்துபோச்சு. அப்பா புத்தகம் பூராவும் புகைக்கரி மையில எழுதுவார், கடைசிப் பக்கத்துல பேரையும் ஊரையும் மட்டும் மாசிக்காயும் அன்னபேதியும் காய்ச்சின மையில எழுதுவார். மாசிக்காய் வாங்க அனுப்பினா கல்கண்டு வாங்கிட்டு வந்து உதை வாங்கினவன் நீ. எதுக்கு அந்த மை? பேரைத் துடைச்சுட்டுப் பெரிய பேரை எழுதி விக்கிற வியாபாரிங்களுக்குப் பயந்து. துடைச்சாப் போகக் கூடாதுன்னு. வெளியாளுக்குப் பயந்து அவர் வச்ச பூட்டை வீட்டுப் பிள்ளை நீ கத்தி வச்சு உடைச்சிருக்கே.

அதுலயும் பாரு, எளியவன்ங்கற சொல்லைத் தொடாம அப்படியே விட்டுட்டே. துவா கேட்கட்டும்ங்கற வரியையும் விட்டுட்டே. அதெல்லாம் அப்பா கையெழுத்து. நடுவுல மட்டும் உன்னோடது. இளவரசர் வீட்டுல யாராவது அதைப் படிச்சுட்டுக் கையேந்தினா அது ஹெராத் மவுலானாவுக்குப் போகும். அவருக்கு ஏற்கெனவே கேக்க ஆயிரம் பேர் இருக்காங்கடா. நம்ம அப்பாவுக்கு யார் இருக்கா?

சும்மா இருந்தேன், சும்மா இருந்தேன்னு எழுதியிருக்கே. சும்மா இருந்தவன் கையில கத்தி எப்படி வந்துச்சு?

இதுக்கு நான் தங்கம் வைக்க மாட்டேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. கேட்டா தாங்க மாட்டாங்க. தாள் என்கிட்டதான் இருக்கு. வேணும்னா நீ நேர்ல வந்து, அப்பா மண்ணறை முன்னாடி நின்னு கேளு. அப்ப பார்க்கலாம்.

கௌஹர்


கஸ்வீன், ரபியுல் அவ்வல், 979

அக்கா,

நான் வர முடியாது. கேட்காமல் ஊரைவிட்டுக் கிளம்பினால் அதுவே சந்தேகமாகிவிடும். இளவரசர் இரண்டு முறை கேட்டுவிட்டார். நூலகத் தலைவர் முன்போலப் பேசுவதில்லை. நேற்று, "ஷீராஸ்ல எல்லாரும் தூங்கிட்டாங்களா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

நீ என்ன கேட்டாலும் செய்கிறேன். அப்பா பேரில் வேறு நல்ல புத்தகம் ஒன்று எழுதச் சொல்லித் தர்காவுக்குக் கொடுக்கிறேன். இதைவிடப் பெரியதாக. அதில் ஐந்து படம் வேண்டுமானாலும் நானே போடுகிறேன்.

உன் மனம் இளகாது என்று எனக்குத் தெரியும். அதனால் இதைக் கொண்டுவரும் ஆளிடம் எல்லாவற்றையும் சொல்லி, அம்மாவை நேரில் பார்த்துப் பேசச் சொல்லியிருக்கிறேன். என் மேல் கோபப்படாதே. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஹாதம்


ஷீராஸ், ஜமாதுல் அவ்வல், 979

இளவரசர் நூலகத்து ஓவியர் ஹாதம் அவர்களுக்கு.

தாள் முடிஞ்சுது. உங்க ஆள் கையிலயே குடுத்தனுப்புறேன். பட்டுத்துணியில சுத்தி, ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சிருக்கேன். நனையாம பார்த்துக்கச் சொல்லவும்.

நீங்க அனுப்பின ஆள் நல்லாப் பேசுறார். அம்மா முன்னாடி உட்கார்ந்து, சதுக்கத்துல கை வெட்டினதை ஒண்ணு விடாமச் சொன்னார். அம்மா கத்தலை, அழலை. அவர் போனதும் என்கிட்ட வந்து, "அதை எடு"ன்னாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்க. தாளை ஜன்னல்கிட்டக் கொண்டுபோய் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாங்க. நைஞ்ச இடத்தை விரலால தடவினாங்க. "இங்கதான் உங்கப்பா பேர் இருந்துச்சா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன்.

"செஞ்சு குடு."

"அம்மா, அவரு பேரைச் சுரண்டினவன் கையை நான் எதுக்குக் காப்பாத்தணும்?"

"அவரு போயிட்டாருடி. அவருக்கு இனிமே பேரை வச்சு என்ன ஆகணும்? இது என் புள்ளை கை. நான் சோறு ஊட்டி, விரல் விரலாக் கழுவிவிட்ட கை."

"அப்போ நான் யாரு?"ன்னு கேட்டேன்.  அம்மா உள்ள போய் மெருகுக்கல்லை எடுத்துட்டு வந்து என் மடியில வச்சாங்க. நான் முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க. நான் கிழிச்சுப் போட்டுருவேன்னு நினைச்சிருப்பாங்க. நானும் அதைத்தான் நினைச்சேன்.

வேலையில குறை சொல்ல முடியாது. எழுத்தைச் சுத்தி மேகம் மாதிரி தங்கம் வச்சு, அதுக்கு வெளியே நீலத்துல கொடி ஓட்டியிருக்கேன். புத்தகத்துல இருக்கிற மத்தப் பக்கத்தைவிட இது நல்லா வந்திருக்கு, அதுதான் எனக்கு ஆத்திரம். பின்பக்கத்துல தாள் ஒட்டிப் பலப்படுத்தியாச்சு. சூரியனுக்கு நேரே பிடிச்சாலும் ஒண்ணும் தெரியாது. உங்க கை தப்பிச்சுது.

முத்தவல்லிகிட்டப் புத்தகம் ஆத்துல போச்சுன்னு சொல்லிட்டேன். ஒட்டகம் கால் வழுக்கி விழுந்துடுச்சுன்னு. ரொம்ப வருத்தப்பட்டார். அந்தத் தட்டுல இப்ப ஒரு அரிசி வியாபாரி குடுத்த புத்தகம் இருக்கு. அப்பா பேர்ல வேற புத்தகம் எழுதி வாங்கிக் குடுக்கிறதா எழுதியிருந்தீங்க. வேண்டாம். வேற யாரோ எழுதினதுல அவர் பேரைப் போட்டு நாங்க என்ன செய்யறது? அந்த வேலை உங்களுக்குத்தான் வரும்.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்குங்க. பின்பக்கம் தாள் ஒட்டுறதுக்கு முன்னாடி திருப்பிப் பார்த்தேன். மேல இருந்ததைத்தான் உங்க கத்தி எடுத்திருக்கு. மாசிக்காய் மை தாளுக்குள்ள இறங்கி, அந்தப் பக்கம் வரைக்கும் போயிருக்கு. வெளிறின பழுப்புல, திருப்பிப் போட்ட எழுத்தா, அப்பா பேர் அப்படியே இருக்கு. அந்த மை வருஷம் போகப் போகக் கறுக்கும், தாளையும் தின்னும். தங்கத்துக்கு அடியில அது என்ன செய்யும்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது. ஒண்ணும் ஆகாம போகலாம். என்னிக்காவது மவுலானா பேருக்கு மேல பழுப்பா ஏறி வந்து நிக்கலாம். நான் அதைத் தடுக்கவும் எதுவும் போடலை, தூண்டவும் எதுவும் போடலை. இளவரசர் புத்தகத்தைக் கேக்கும்போதெல்லாம், முதல்ல கடைசிப் பக்கத்தைத் திறந்து ஒரு தடவை பார்த்துட்டுக் குடுங்க. ஆயுசு பூராவும் பார்த்துக்கிட்டே இருங்க.

அம்மா உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன். உங்க சுகத்தை நான் கேக்கலை. இனிமே இந்த வீட்டுக்குக் கடிதம் எழுதினா அம்மாவுக்கு எழுதுங்க, படிச்சுக் காட்ட அவங்க வேற ஆளைப் பார்த்துக்குவாங்க.

தங்க வேலைக்காரி கௌஹர்,
ஷீராஸ் அமீனுத்தீன் மகள்